ஒஸ்லோவில் ஆடி அமாவாசை

விடுமுறைக்கு ஒஸ்லோவுக்குப் போகிறேன் என்று சொன்னதும், ரொறன்ரோ, சென் ஜேம்ஸ் ரவுணில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 1988ஆம் ஆண்டுக் கோடை அது. அந்த நாட்களில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் நயாகரா, மிஞ்சிப்போனால் மொன்றியல். அதுவும் யாருடைய காரிலாவது ஏழு பேர் நெருக்கிக்கொண்டு, புளிச்சாதப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு போய், அன்று மாலையே திரும்பி வருவது. நான் ஓர் ஆஸ்பத்திரி லோண்டரியில் கட்டில் விரிப்பு மடிக்கிறவன். மூன்று வருடமாக ஒரு நாளும் லீவு எடுக்காதவன் ஒரு கிழமை கேட்டதும், உடம்புக்கு என்ன வருத்தம் என்று சூப்பவைசர் விசாரித்தார். சும்மா ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

அது முழுப்பொய். நான் தம்பியோடு சண்டை பிடிக்கப் போனேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, எங்கள் அப்பா பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் போக யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினார். போய்ச் சேரவில்லை. வழியில் பஸ்ஸை மறித்துச் சிலரை இறக்கினார்கள், அவர்களில் வேட்டி கட்டிய ஒரு வயதானவரும் இருந்தார் என்று அதே பஸ்ஸில் போன ஒருவர் சொன்னார். யார் மறித்தது, எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டபோது அவர் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்த செய்தி அவ்வளவுதான்.

முதல் வருடம் நானும் காத்திருந்தேன். இரண்டாவது வருடம் என்னால் முடியவில்லை. ஆடி அமாவாசை வந்தபோது, தகப்பன் இல்லாத பிள்ளைகள் பிடிக்கிற விரதத்தை நானும் பிடித்தேன். முழுகி, மரக்கறி சமைத்து, பக்கத்துப் பூங்காவில் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு வந்து சாப்பிட்டேன். அதை ஒஸ்லோவில் இருந்த தம்பிக்கு எழுதினேன். ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு தபாலட்டை வந்தது. உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு விரதம் பிடிக்க உங்களுக்கு யார் சொன்னது என்று அதில் ஒரே ஒரு வரி.

இதற்கு நடுவில் ஊரிலிருந்து அம்மாவின் கடிதம் வந்தது. கோயிலுக்குப் போனால் ஒரு பகுதி ஆட்கள், இன்னும் என்னத்துக்குப் பொட்டு என்பதுபோல் பார்க்கிறார்களாம். மற்றப் பகுதி, மனிசன் எங்கேயோ உயிரோடு இருக்கும்போது பொட்டை அழித்தால் நீயே அவரைக் கொன்ற மாதிரி என்கிறார்களாம். கலியாண வீட்டுக்கு அழைப்பு வருகிறதாம். ஆனால் போனால் எந்தப் பக்கம் உட்காருவதென்று தெரியவில்லையாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவா எழுதுங்கோ. ரெண்டு பேரும் சேந்து சொல்லுறதை நான் செய்யிறன்."

சேர்ந்து சொல்வதுதான் நடக்கவில்லை. தொலைபேசியில் நாலு தரம் முயன்றோம். ஒவ்வொரு தரமும் இரண்டாவது நிமிடத்திலேயே கோபம் வந்து ஒருவர் ரிசீவரை வைத்துவிடுவோம். பெரும்பாலும் நான்தான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் மூத்தவன்; நான் சொன்னால் அதுதான் முடிவு என்று நினைத்திருந்தேன். அம்மா ஒவ்வொரு நாள் காலையிலும் கண்ணாடி முன்னால் நின்று, வைப்பதா விடுவதா என்று யோசிக்கிறதை நிறுத்தவேண்டும். அப்பாவுக்கு ஒருபிடி சோறு ஒழுங்காகப் போகவேண்டும். அவர் இரண்டு வருடமாகப் பசியோடு எங்கேயோ நிற்கிறார் என்ற எண்ணம் வந்தால் எனக்கு வேலைத்தலத்தில் கை ஓடாது. ஆகவே ஆடி அமாவாசை வருகிற கிழமையாகப் பார்த்து டிக்கெட் எடுத்தேன். சனிக்கிழமை இறங்குவது, திங்கட்கிழமைக்குள் தம்பியை வழிக்குக் கொண்டுவருவது, வெள்ளிக்கிழமை அமாவாசைக்கு இரண்டு பேரும் சேர்ந்து விரதம் பிடிப்பது, அன்றே அம்மாவுக்கு எழுதுவது. இதுதான் என் திட்டம்.

சிரித்த நாலு பேரில் மூன்று பேர் மறுநாளே பொதிகளோடு வந்தார்கள். ஒருவருக்கு நோர்வேயில் மச்சான், இன்னொருவருக்குக் கூடப் படித்த சிநேகிதன். கறித்தூள், அப்பளம், ஊறுகாய். மச்சான் இருப்பது பேர்கனில். ஒஸ்லோவிலிருந்து றெயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டும். கொடுத்தவருக்கு இரண்டும் அடுத்தடுத்த பஸ் தரிப்பு என்ற நினைப்பு.

விமான நிலையத்தில் தம்பியை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. எண்பதாம் ஆண்டு படிக்கவென்று நோர்வேக்குப் போனபோது அவன் மீசை அரும்பாத பையன். இப்போது தாடி வைத்த ஒரு மனிதன் எனக்கு முன்னால் வந்து நின்று, பெட்டியை வாங்கிக்கொண்டு, "களைச்சுப் போனியளோ அண்ணை?" என்று கேட்டான். குரல் அப்பாவின் குரல். அதற்கு நான் ஆயத்தமாக வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெட்டி பாரம், பார்த்துத் தூக்கு என்று அதட்டினேன்.

அவன் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை செய்தான். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தான். அறையின் ஒரே ஒரு யன்னல் தெருமட்டத்தில் இருந்ததால், அதன் வழியாகப் போகிற வருகிறவர்களின் கால்கள்தான் தெரியும். எனக்காக அவனும் ஒரு கிழமை லீவு எடுத்திருந்தான். கட்டிலை எனக்குத் தந்துவிட்டுத் தான் நிலத்தில் படுத்தான். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சண்டை பிடிக்க வந்தவனுக்குத் தலையணை உறை மாற்றி, காலையில் பால் தேத்தண்ணியும் போட்டுத் தந்தால் எப்படிச் சண்டை பிடிப்பது?

அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்தே என்னை ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை துறைமுகம், மீன்பிடி வள்ளத்திலேயே அவித்து விற்கிற இறாலைக் கடதாசிப் பையில் வாங்கி, மதிலில் ஏறி இருந்து உரித்துத் தின்றோம். திங்கட்கிழமை பனியே இல்லாத மலையில் பனிச்சறுக்கு மேடை. செவ்வாய்க்கிழமை சிலைகள் நிறைந்த ஒரு பூங்கா. அங்கே வெயில் கண்ட சந்தோஷத்தில் ஊர்ச்சனம் பாதி உடுப்போடு புல்லில் கிடந்தது. நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மரங்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு தரமும் நான், "தம்பி, அம்மாவின்ரை கடிதம்..." என்று தொடங்குவேன். அவன் உடனே, அண்ணை அங்கை பாருங்கோ என்று எதையாவது காட்டுவான். ஒருமுறை அவன் காட்டியது ஒரு சாதாரணக் குப்பை லொறி.

புதன்கிழமை பழைய கப்பல் ஒன்றைக் காட்டக் கொண்டுபோனான். ஆயிரம் வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்ததாம். பெரிய இடத்துப் பெண்கள் இரண்டு பேரை அந்தக் கப்பலில் வைத்து, வண்டி, மாடு, சமையல் பாத்திரம் எல்லாம் கூடவே வைத்துப் புதைத்திருக்கிறார்கள். செத்தவர்களுக்குப் பசிக்கும் என்று இந்த நாட்டுக்காரரும் நினைத்திருக்கிறார்கள் பார் என்று சொன்னேன். எனக்கு நல்ல வாய்ப்புக் கிடைத்துவிட்டது என்ற எண்ணம். அவன் கப்பலைப் பார்த்தபடியே சொன்னான்:

"ஆயிரம் வருசத்துக்குப் பிறகும் இவைக்கு எலும்பு கிடைச்சிருக்கு அண்ணை. எங்களுக்கு என்ன கிடைச்சது?"

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும். வெளியே வந்து படகுத்துறையில் நின்றபோது, அதுவரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னேன். அப்பா செத்துப்போனார், அதை நீ ஒத்துக்கொள் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கிழவி திரும்பிப் பார்த்தார்.

தம்பி சத்தம் போடவில்லை. விரதம் பிடிப்பதில் தனக்குப் பிரச்சினை இல்லை என்றான். பயம் எல்லாம் அம்மாவைப் பற்றித்தானாம். ஒருநாள் அப்பா படலையைத் திறந்துகொண்டு வந்தால், வெறும் நெற்றியோடு நிற்கிற அம்மாவைப் பார்த்து என்ன நினைப்பார்? என்னை இவ்வளவு கெதியாக விட்டுவிட்டீர்களே என்று நினைக்கமாட்டாரா? இதைக் கேட்டுவிட்டு, அவன் படகுச் சீட்டு எடுக்கப் போனான். இரவு ஒன்பது மணியாகியும் வெளிச்சம் போகவில்லை. இரண்டு பேரும் யன்னலில் போகிற கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை அவன் என்னை விட்டுவிட்டுத் தனியே வெளியே போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு பை. பாகிஸ்தான்காரர் கடையில் வாங்கினேன் என்று மேசையில் கொட்டினான். பூசணித் துண்டு, கத்தரிக்காய், பருப்பு, கடைசியில் நாலு பாகற்காய். ஆடி அமாவாசைக்கு ஊரில் காத்தோட்டிக்காய் சமைப்பார்கள். நாக்கில் வைக்க முடியாத கசப்பு, ஆனால் அது இல்லாமல் அந்த விரதச் சமையல் இல்லை. வெளிநாட்டில் அதற்கு எங்கே போவது? ரொறன்ரோவில் நானும் சைனாக்காரர் கடைப் பாகற்காயைத்தான் அதற்குப் பதிலாக வைத்தேன். இவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனும் அதையே வாங்கி வந்திருந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "உங்களுக்குத்தான். நான் சமைச்சு மட்டும் தாறன்," என்றான்.

வெள்ளிக்கிழமை காலை, ஊரில் என்றால் கீரிமலைக் கேணியில் தீர்த்தமாடுவார்கள் என்று சொல்லி, நான் கடலில் முழுகப் போனேன். ஓகஸ்ட் மாதம்தான், ஆனால் அந்தத் தண்ணீர் என் எலும்பைப் பிடித்து உலுக்கியது. நாலு முழ வேட்டியோடு மூன்று முறை முங்கி எழும்பினேன். எள்ளும் தண்ணீரும் கையில் எடுத்து, ஐயர் இல்லாமல், தெரிந்த அளவில் அப்பாவின் பெயரைச் சொல்லி விட்டேன். பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் எனக்குக் கை தட்டியது. குளிர்த் தண்ணீரில் முழுகியதற்காகத்தான் தட்டினார்கள் என்று தம்பி பிறகு விளங்கப்படுத்தினான். அவன் தண்ணீரில் இறங்கவில்லை. துவாயை விரித்துப் பிடித்தபடி கரையில் நின்றான்.

சமையல் முடிய மத்தியானம் கடந்துவிட்டது. வீட்டுக்காரரின் பின்வளவில் இடுப்பளவு உயரக் கல்மதில் ஒன்று இருந்தது. வாழை இலை இல்லாததால் ஒரு முட்டைக்கோவா இலையைக் கழுவி விரித்து, அதில் சோறும் எல்லாக் கறியிலும் கொஞ்சமும் வைத்துவிட்டு, விலகி நின்று கா, கா என்று கூப்பிட்டேன். தம்பி கதவடியில் நின்றான்.

ஒன்று வந்தது. மதிலில் இறங்கித் தலையைச் சரித்துச் சோற்றைப் பார்த்தது. தலை கறுப்பு, செட்டை கறுப்பு, ஆனால் உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். பழைய பெனியன் ஒன்றைப் போட்டுவிட்டதுபோல் இருந்தது. அப்படி ஒரு காகத்தை நான் ஊரிலும் கண்டதில்லை, கனடாவிலும் கண்டதில்லை. சோற்றில் வாய் வைக்கப் போன அதைச் சூ என்று துரத்தினேன். அது கொஞ்சம் தள்ளிப் போய் இருந்தது. திரும்ப வந்தது. திரும்பத் துரத்தினேன். இது காகமில்லை, இது தின்றால் கணக்கில்லை, நல்ல கறுப்புக் காகம் வரட்டும் என்றேன்.

"இஞ்சை கறுப்புக் காகம் இல்லை அண்ணை. எட்டு வருசமாப் பாக்கிறன், இதுதான் இஞ்சத்தைக் காகம்."

நான் கேட்கவில்லை. ஒரு தடியை எடுத்துக்கொண்டு மதிலோடு காவல் நின்றேன். அரை மணி நேரம் இருக்கும். வந்ததெல்லாம் அந்தச் சாம்பல் நிறக் காகம்தான். வர வரத் துரத்தினேன். சோறு காய்ந்துகொண்டு வந்தது. காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீரும் குடித்திருக்கவில்லை. மறுபடியும் தடியை ஓங்கியபோது தம்பி ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"விடுங்கோ அண்ணை. அப்பா பசியோடை வந்து நிண்டா என்ன செய்யிறது?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே விளங்கியது. என் கையை விடாமல் அப்படியே நின்றான். முகம் கோணிக்கொண்டு போனது. சின்ன வயதில் அடி வாங்கினாலும் அழாதவன், தாடி நனைய அழுதான்.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அப்பா செத்துப்போனார், ஒத்துக்கொள் என்று அவனை நெருக்கியவன் நான். காகம் வந்து சோற்றில் வாய் வைக்கிற நேரம், தடி எடுத்துத் துரத்தியவனும் நான்தான். போன வருடம் ரொறன்ரோவில் சோற்றை வைத்ததும் திரும்பிப் பாராமல் வந்துவிட்டேன். காகம் தின்றதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நிறம் வெறும் சாட்டு, சாக்குப்போக்கு. அது தின்றால் அப்பா முடிந்துபோவார். அதை என் கண்ணால் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பெரிய தமையன், முடிவெடுக்கிறவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆயிரக்கணக்கான மைல் வந்த எனக்கு வெட்கமாக இருந்தது. தடியைக் கீழே போட்டுவிட்டு நானும் அழுதேன்.

இரண்டு பேரும் கதவடிக்குப் போய்ப் படியில் இருந்தோம். காகம் கூரையில் இருந்து எங்களைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு துரத்திய பிறகு அது ஏன் வரவேண்டும் என்று நினைத்தேன். கடைசியில் இறங்கி வந்தது. முதலில் பூசணித் துண்டைக் கொத்தியது, பிறகு சோற்றை. அப்பாவுக்கும் பூசணிதான் விருப்பம் என்று தம்பி மெல்லச் சொன்னான். அது தின்று முடிக்கும்வரை நாங்கள் அசையவில்லை. பிறகு உள்ளே போய் எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். தம்பி அன்று காலையிலிருந்து தேத்தண்ணிகூடக் குடித்திருக்கவில்லை என்பது அவன் சாப்பிட்ட வேகத்தில்தான் தெரிந்தது.

மாலையில் அம்மாவுக்குக் கடிதம் எழுத இருந்தோம். அவனுடைய கையெழுத்து நல்லது என்பதால் அவன் எழுதினான், நான் சொன்னேன். நாங்கள் இருவரும் ஒன்றாக விரதம் பிடித்தோம் என்று எழுதியாயிற்று. அடுத்தது பொட்டு. ஒரு கிழமை முன்பு எனக்கு மனப்பாடமாக இருந்த வசனம் வாயில் வரவில்லை. தம்பி பேனையைப் பிடித்தபடி காத்திருந்தான். "நீங்கள் பொட்டை எடுக்க வேண்டாம் எண்டு எழுது," என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். இது ஒன்றுக்கொன்று பொருந்தவில்லையே என்றான். பிள்ளைகள் விரதம் பிடிக்கிறார்கள், மனிசி பொட்டு வைக்கிறாள் என்றால் ஊர் சிரிக்காதா? ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், நீ எழுது என்று அதட்டினேன். எழுதினான். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு மடத்தனமான முடிவை யாரும் எடுத்ததில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி அதற்கு முந்திய இரண்டு வருடத்திலும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறி, திங்கட்கிழமை மறுபடியும் கட்டில் விரிப்பு மடித்தேன். விடுமுறை எப்படி என்று சூப்பவைசர் கேட்டார். தண்ணீர் மட்டும் சரியான குளிர் என்றேன். அம்மாவிடமிருந்து ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கோழிகள், மழை, கிணற்றுத் துலா பற்றியெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில், "நீங்கள் எழுதின மாதிரியே செய்யிறன்," என்று மட்டும் இருந்தது.

அடுத்த வருடம் அம்மா ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் நான் ஸ்காபரோவில் ஓர் அப்பாட்மென்ற் எடுத்திருந்தேன். அந்த ஆடி அமாவாசைக்கு அம்மாவே சமைத்தார். நாலு மணிக்கே எழும்பி முழுகி, ஈரத்தலையைத் துவாயில் சுற்றிக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தோடு அடுப்படியில் நின்றார். கீழ் மாடியில் இருந்த ஓர் அன்ரி கறிவேப்பிலை கொண்டுவந்து தந்தவர், அம்மாவின் நெற்றியையும் அடுப்பில் இருந்த பாகற்காயையும் மாறி மாறிப் பார்த்தார். மகன் தகப்பனுக்கு விரதம், தாய் பொட்டோடு நின்று சமைக்கிறா, இது எந்தச் சாத்திரம், ஒன்றில் அதை விடவேண்டும், இல்லாவிட்டால் இதை விடவேண்டும் என்று நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. நான் வாயைத் திறக்கும் முன் அம்மா அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பெடியள் தங்கடை தேப்பனுக்குச் செய்யினம். நான் என்ரை மனிசனுக்குச் செய்யிறன். ரெண்டும் ரெண்டு அலுவல், பிள்ளை."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். அன்ரி, கறிவேப்பிலை போதுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் கீழே இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் சோற்றை வைத்துவிட்டு, இந்த முறை நின்று பார்த்துவிட்டு வந்தேன். அம்மா மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். அடுப்பு வெக்கையில் அவருடைய பொட்டு வியர்வையோடு கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. கொஞ்சம் பொறு என்று என்னை இருக்கச் சொல்லிவிட்டுக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் போனார். வழிந்ததைத் துடைத்து, புதிதாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டு வந்து, எனக்குச் சோறு போட்டார்.